மண்பாண்ட அலங்காரத்தில் கண்ணாடிப் பூச்சும் அடிவர்ணமும்

மண்பாண்டம் வனையும் வேலை இன்று குயவர் வீட்டோடு நின்றுவிடவில்லை. பெங்களூரு போன்ற நகரங்களில் பள்ளிக்கூடங்களிலும், பயிற்சி நிலையங்களிலும், ஓய்வுநேரக் கலை வகுப்புகளிலும் அது கற்பிக்கப்படுகிறது. சிறிய மின்சாரச் சூளைகளும் புட்டிகளில் அடைத்த ஆயத்த வர்ணங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. கைத்தொழிலை மாணவர் அறிந்துகொள்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு குறையை எடுத்துக் கூறாதிருக்க இயலவில்லை. எந்த வர்ணம் அழகாயிருக்கும் என்பது பற்றி நிரம்பப் பேசுகிறோம். அழகுபடுத்திய அந்தப் பாண்டத்தில் எதை ஊற்றி உண்ணலாம், எதை ஊற்றலாகாது என்பது பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

விஞ்ஞானக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில் உள்ள எனக்கு இக்குறை உறைத்தது என் சொந்தப் பிழையினாலேயே ஆகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'கிளேஸ்', 'அண்டர்கிளேஸ்' என்னும் இரண்டு சொற்களையும் 'வர்ணப் பூச்சு' என்றே எழுதினேன். புட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த மூன்று வெவ்வேறு ஆங்கில வாசகங்களையும் 'பாதுகாப்பானது' என்ற ஒரே சொல்லால் முடித்துவிட்டேன். வகுப்பின் இறுதி நாளன்று ஓர் ஆசிரியை மாணவர் செய்த கோப்பையொன்றைக் கொண்டுவந்தார். உள்ளும் புறமும் பச்சை அடிவர்ணம் தீட்டியிருந்தது. அதன்மேல் வேறு பூச்சு எதுவுமில்லை. இதில் மோர் ஊற்றிக் குடிக்கலாமா என்று அவர் வினவினார். என் கையேட்டின்படி குடிக்கலாம், விஞ்ஞானத்தின்படி குடிக்கலாகாது. பிழை மாணவருடையதுமன்று, ஆசிரியையுடையதுமன்று, என்னுடையது.

ஆகையால் முதற்கண் சொற்களைத் திருத்திக்கொள்வோம். 'கிளேஸ்' என்பதை நாம் வழக்கமாக 'மெருகு' என்கிறோம். பொன்னுக்கும் மரத்துக்கும் மெருகிடுவது தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதாகும். பாண்டத்தின்மேல் நிகழ்வதோ வேறு. அங்கே உண்டாவது ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். மணலின் சாரமான சிலிக்கா உருகிக் கண்ணாடியாகிறது. தனித்த சிலிக்கா உருகுவதற்கு 1,700 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அவ்வளவு சூட்டை எந்தக் குயவர் சூளையும் தராது. எனவே உருகுநிலையைத் தாழ்த்துவதற்குச் சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, போரான் முதலியவற்றின் சேர்மங்களைக் கூட்டுகிறோம். உருகிய கண்ணாடி வழிந்தோடாமல் பாண்டத்தைப் பற்றி நிற்கும்பொருட்டு அலுமினா சேர்க்கிறோம். இதனைக் 'கண்ணாடிப் பூச்சு' என்று வழங்குவதே பொருத்தம்.

'அண்டர்கிளேஸ்' என்பது களிமண்ணோடு உலோக ஆக்சைடு நிறப்பொருள்களையும் சிறிதளவு உருகுபொருளையும் கலந்து செய்த வர்ணம். பாதி உலர்ந்த பாண்டத்தின்மேலோ, ஒருமுறை சுட்ட பாண்டத்தின்மேலோ இதனைத் தீட்டலாம். சூளையில் இது ஓடுவதில்லை. ஆகையால் கோலம், எழுத்து, பூவேலை முதலியன தீட்டியபடியே நிற்கும். ஆனால் இது தானே முழுக் கண்ணாடியாவதில்லை. இதன்மேல் நிறமற்ற கண்ணாடிப் பூச்சை இட்டுச் சுட்ட பின்னரே நிறம் துலங்குவதும் நீர் உட்புகாதிருப்பதும் கைகூடும். 'அடிவர்ணம்' என்று சொன்னால், மேலே மற்றொன்று வேண்டும் என்ற கட்டளை அச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

அடுத்ததாக, மிகக் கவனிக்க வேண்டிய ஒரு சொல் 'ஈயம்'. நம் வீடுகளில் ஈயச்சொம்பில் ரசம் வைத்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். கண்ணாடிப் பூச்சில் அஞ்சத்தக்கது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீய ஆக்சைடு பூச்சுக்கு வெண்மை தருவதற்குப் பயன்படும் பொருள். அதை விலக்க வேண்டியதில்லை. காரீய ஆக்சைடு உருகுநிலையைத் தாழ்த்துவதற்குச் சேர்க்கப்பட்ட பொருள், அது நஞ்சு. 'ஈயம் கலந்தது' என்று மட்டும் எழுதினால், ஈயச்சொம்பு ரசத்தின் மணத்தை நினைக்கும் தமிழ் வாசகருக்கு அச்சம் எப்படித் தோன்றும்? எச்சரிக்கை வாசகங்களில் 'காரீயம்' என்றே எழுத வேண்டும். வகுப்பில் அப்படியே சொல்லவும் வேண்டும்.

காரீயத்தின் தீமை வெறும் ஏட்டுச் செய்தியன்று. பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிசோதித்த 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. இக்கேட்டை ஆராய்வதற்கென்றே பெங்களூருவின் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் ஒரு தேசிய மையம் அமைக்கப்பட்டது. அப்போது முதன்மைக் காரணமாயிருந்த காரீயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென 2016இல் விதி செய்யப்பட்டது. அவ்விதி சுவருக்கும் கதவுக்கும் பூசும் வர்ணங்களுக்கு உரியது. சூளையிற் சுடும் பூச்சுக்கு உரியதன்று. எவ்வளவு காரீயம் உட்கொண்டால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உட்கொள்ளும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியோரைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்றுக்கொள்கிறது.

நம் உணவோ புளியும், எலுமிச்சையும், மோரும், ஊறுகாயும் நிறைந்தது. புளிப்பு என்பது அமிலம். சரிவர வேகாத கண்ணாடிப் பூச்சிலிருந்து உலோகங்களைக் கரைத்தெடுப்பது அமிலமே. காரீயப் பூச்சில் பச்சை நிறத்துக்காகத் தாமிரம் சேர்ந்தால் காரீயம் இன்னும் எளிதாகக் கரையும். கண்ணைக் கவரும் பச்சைக் கிண்ணம் சில வேளைகளில் மற்றவற்றினும் கெடுதியாவது இக்காரணத்தால்தான்.

குயவர்கள் அறியாமையால் காரீயத்தை நாடினர் என்று கூறுவது நியாயமன்று. விறகும் வைக்கோலும் எரியும் கிராமச் சூளையின் உஷ்ணம் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி வரையே எழும். அந்தச் சூட்டில் எளிதில் உருகிப் பளபளப்புத் தருவது காரீயப் பூச்சு. அதற்கு மாற்றானது போரான் கலந்து முன்னரே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள். வெறும் வெண்காரம் நீரிற் கரைந்துவிடுவதால் இவ்வாறு உருக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. கடைகளில் விற்கும் தாழ்சூட்டுப் பூச்சுகள் பல 1,000 முதல் 1,060 டிகிரி வரை கேட்கின்றன. ஆகவே இது வர்ணப் பிரச்சினையன்று, சூளைப் பிரச்சினை என்பதே என் துணிபு. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018இல் தொடங்கிய கும்ஹார் சசக்திகரண் திட்டத்தின் கீழ் குயவர்களுக்கு மின்சாரச் சக்கரங்கள் வழங்கப்பட்டன. நல்ல காரியம். அதே அக்கறையுடன், உஷ்ணத்தை அளந்தறியும் கருவியோடு கூடிய பொதுச்சூளைகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். சூளை வருமுன் பூச்சுப் புட்டிகளை விநியோகிப்பது, அடுப்பு மூட்டுமுன் அரிசியைப் பரிமாறுவது போலாகும்.

எல்லாப் பாண்டத்துக்கும் பூச்சு வேண்டும் என்பதுமில்லை. பெங்களூருவின் பாட்டரி டவுனில் குடும்பம் குடும்பமாக வனையும் பானைகளும் அகல்களும் பூச்சற்றவை. தண்ணீர்ப் பானை குளிர்ச்சி தருவது நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான். அதன்மேல் கண்ணாடிப் பூச்சிட்டால் அதன் பயனே கெட்டுவிடும்.

பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலாவது, பாண்டம் எதற்குப் பயன்படும்? இரண்டாவது, எந்த மண்? மூன்றாவது, சூளை எவ்வளவு சூடு தரும்? நான்காவதாகவே, என்ன நிறம்? நடைமுறையில் நான்காவது கேள்வியே முதலில் எழுவதால்தான் பெரும்பாலான தோல்விகள் நேருகின்றன.

மண்ணும் பூச்சும் ஒத்துப்போக வேண்டும். ஆறும்போது பூச்சு மண்ணைவிட மிகுதியாகச் சுருங்கினால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். உணவின் சாறு அவற்றினூடே புகுந்து தங்கும். பூச்சில் சிலிக்காவைச் சிறிது கூட்டுவது இதற்கு ஒரு பரிகாரம். மாறாகப் பூச்சு மண்ணைவிடச் சற்றே குறைவாகச் சுருங்கினால், அது நெருக்குண்டு பாண்டத்துக்கு வலிமை சேர்க்கும். பெங்களூருவில் மைசூர் அரசு நிறுவிய பீங்கான் தொழிற்சாலை 1976இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் பகுதியாயிற்று. மின்கம்பங்களில் காணும் பழுப்பு நிறப் பீங்கான் காப்பிகளைச் செய்வதில் பெயர் பெற்ற தொழிற்சாலை அது. அத்தகைய காப்பிகளின் பளபளப்பு அழகுக்காக அன்று. தூசும் ஈரமும் தங்காதிருக்கவும், வலிமை கூடவுமே பூச்சிடப்படுகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் இதற்கு ஒரு சான்று. 1,200 டிகிரிக்கு மேல் நன்கு வெந்த பூச்சானபடியால், அது ஆண்டுக்கணக்கில் புளிப்பையும் உப்பையும் தாங்குகிறது.

நிறத்திலும் ரசாயனம் உண்டு. இரும்புச்சத்து மிகுந்த செம்மண் பாண்டத்தின்மேல் நீலம் தீட்டினால் மங்கித் தோன்றும். முதலில் வெண்களிமண் குழம்பைப் பூசிக்கொண்டால் நிறம் தெளியும். குரோமியத்தாலாகிய பச்சை அடிவர்ணத்தின்மேல் துத்தநாகம் கலந்த கண்ணாடிப் பூச்சை இட்டால் பச்சை பழுப்பாகிவிடும். குரோமியமும் வெள்ளீயமும் சேர்ந்த இளஞ்சிவப்பும் துத்தநாகத்தால் கெடும். சுண்ணாம்புச் சத்துள்ள பூச்சே அதற்கு உகந்தது. கோபால்ட் நீலம் மட்டும் பெரும்பாலும் எல்லாச் சூட்டையும் தாங்கி நிற்கும். புதிதாகத் தொடங்குவோர் அதிலிருந்து தொடங்குவது நலம்.

இனி, புட்டியின்மேல் உள்ள வாசகங்கள். 'நான்-டாக்ஸிக்' என்றால் அறிவுரைப்படி கையாள்பவருக்கு அப்பொருளால் நஞ்சேறாது என்பதே கருத்து. 'லெட்-ஃப்ரீ' என்றால் காரீயம் சேர்க்கப்படவில்லை என்று பொருள். தாமிரம், பேரியம், மாங்கனீஸ் முதலியவை கரையா என்ற உறுதி அதில் இல்லை. 'ஃபுட்-சேஃப்' என்றால், குறித்த சூட்டில் குறித்தபடி சுட்டால் உணவுக்குத் தகும் என்று பொருள். கையாளத் தக்கது, காரீயம் அற்றது, சரிவரச் சுட்டபின் உணவுக்குத் தக்கது என மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். மூன்றாவது வாசகம்கூடப் புட்டியிலுள்ள பூச்சைப் பற்றிய வாக்குறுதியே. நம் சூளையிலிருந்து வெளிவந்த கோப்பைக்கு அது நற்சான்று ஆகாது.

நற்சான்று தருவது பரிசோதனை. 4 சதவிகித அசெட்டிக் அமிலத்தைப் பாண்டத்தில் 24 மணி நேரம் வைத்திருந்து, அதிற் கரைந்த காரீயத்தை அளப்பது சர்வதேச முறை. குடிக்கும் கோப்பைக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமே எல்லை. இவ்வளவை ஆய்வுச்சாலையிற்றான் அளக்கக்கூடும். வகுப்பில் எலுமிச்சைத் துண்டொன்றை இரவு முழுதும் பூச்சின்மேல் வைத்துப் பார்க்கலாம். நிறம் மாறினால் அப்பூச்சு உணவுக்கு ஆகாது என்பது உறுதி. நிறம் மாறாவிட்டால் ஆகும் என்று முடிவு செய்தல் தவறு; காரீயம் கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு எச்சரித்தால் பிள்ளைகளின் உற்சாகம் குன்றிவிடாதா என்று சிலர் கேட்கலாம். குன்ற வேண்டியதில்லை. உட்புறம் ஒன்று, வெளிப்புறம் பல என்பதை விதியாகக் கொள்ளலாம். கோப்பையின் உட்புறத்துக்கும் விளிம்புக்கும், சோதித்தறிந்த நிறமற்ற பூச்சோ வெண்பூச்சோ ஒன்று போதும். வெளிப்புறத்தில் கைக்கு வந்த கோலமெல்லாம் தீட்டலாம். அங்கும் காரீயம் கலந்த வர்ணத்துக்கு மட்டும் இடமில்லை. அகல், பூச்சாடி, சுவர்ச்சில்லு ஆகியவற்றில் அந்த வரம்புகூட வேண்டாம். அதே மண்ணில் செய்த சோதனைச் சில்லுகளில் அடிவர்ணத்தை ஒருமுறை, இருமுறை, மும்முறை தீட்டி, பாதியை மட்டும் கண்ணாடிப் பூச்சால் மூடிச் சுட்டு, எண்ணிட்டுக் குறிப்பேட்டில் பதிவது பிள்ளைகளுக்கு விளையாட்டும் விஞ்ஞானமும் ஆகும். உலர்ந்த தூள்களை நிறுப்பதும் கலப்பதும் ஆசிரியர் பொறுப்பாக இருக்கட்டும். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்குமாதலால், மேசையையும் தரையையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்த ஆசிரியை கொண்டுவந்த பச்சைக் கோப்பை இப்போது அவ்வகுப்பறையில் பென்சில்களைத் தாங்கி நிற்கிறது. கையேட்டைத் திருத்தி எழுதிவிட்டேன். கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்களும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் தத்தம் கையிலுள்ள குறிப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. அவற்றில் 'பாதுகாப்பானது' என்ற சொல் இருக்குமிடத்தில், எதற்கு, எந்தச் சூட்டில், எதன் உட்புறத்தில் என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.