சாவிக்குள்ள ஒரு சாவி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், ஆனா போன சித்திரையில நடந்த ஒரு கூத்தை யார்கிட்டயாவது கொட்டித் தீர்க்கணும் போல இருக்கு. கார் வச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. இல்லாதவங்களும் படிங்க, என் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிச்ச மாதிரியும் இருக்கும் :-)

குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தோம். அருப்புக்கோட்டையில இருந்து உள்ளே தள்ளிப் போகணும். சுத்திலும் கருவேலங்காடு, ஒரு பொட்டிக்கடை, ஒரே ஒரு வேப்பமரம். அந்த மரத்து நிழல்லயும் ஏற்கனவே ஒரு வேன் நின்னுட்டு இருந்ததால என் கார் வெயில்ல. பொங்கல் வச்சு, பையனுக்கு மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு முடிக்க மணி பதினொன்றரை. அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். மருந்து காருக்குள்ள, ஐஸ் போட்ட பையில இருக்கு.

ரிமோட்டை அமுக்கினேன். சத்தமே இல்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டினேன். வாயால ஊதிப் பார்த்தேன். "ஏங்க, அதென்ன டிவி ரிமோட்டா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. கதவு கைப்பிடியில இருக்கிற கறுப்பு பட்டனையும் அமுக்கிப் பார்த்தாச்சு. ம்ஹூம். இன்னொரு சாவி கோயமுத்தூர்ல, வீட்டு பீரோவுல, பத்திரமோ பத்திரமா இருக்கு.

அவசர உதவி நம்பருக்கு அடிச்சேன். ஆள் வர மூணு மணி நேரம் ஆகும்னாங்க. கார் வாங்கின இடத்து சர்வீஸுக்கு அடிச்சேன். "சாவி போயிருக்கும் சார். புதுசு ஆர்டர் போடணும், பதினாலாயிரம் ஆகும். வண்டியைத் தூக்கிட்டு வந்துருங்க, புரோகிராம் பண்ணணும்." அவ்வளவுதான். வேற ஒரு கேள்வி கேட்கலை.

சித்திரை வெயில்ல மூடின காருக்குள்ள அரை மணி நேரத்துல வெளியை விட 15, 20 டிகிரி ஏறிடும். இன்சுலின் 30 டிகிரிக்கு மேல தாங்காது. ஐஸ் எப்பவோ கரைஞ்சிருக்கும். மச்சான் கையில கல்லை எடுத்துட்டான், பின்கண்ணாடியை உடைக்கறதுக்கு. அம்மா வேப்பமரத்தடியில உக்காந்துகிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லடா, புது வண்டிக் கண்ணாடியை ஒடைக்காதீங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் அந்த வேன் டிரைவர் அண்ணன் எந்திரிச்சு வந்தார். ரிமோட்டை வாங்கினார். ஓரத்துல இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினார், உள்ள இருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினார்!

"இதுக்குள்ளயே சாவி இருக்குல்ல சார், பாத்ததில்லையா?"

இல்லைண்ணே. ரெண்டு வருஷமா பாக்கெட்லயே வச்சுட்டு சுத்தறேன், பாத்ததில்லை.

டிரைவர் பக்கத்துக் கைப்பிடி ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பி எடுத்தா, உள்ளே சாவித் துவாரம். திருப்பினதும் கதவு திறந்துச்சு, அலாரம் கோயில் மேளத்தை மிஞ்சிக் கத்துச்சு. "பதறாதீங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணா நின்னுரும். அந்த ரிமோட்டை வச்சே ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க"ன்னார். அமுக்கினேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, அலாரமும் நின்னுச்சு. மருந்துப் பையில தண்ணி சில்லுன்னுதான் இருந்துச்சு, நல்லவேளை. அருப்புக்கோட்டை வந்து ஒரு வாட்ச் கடையில செல் மாத்தினோம். ஐம்பது ரூபாய். பதினாலாயிரம் எங்கே, ஐம்பது ரூபாய் எங்கே?

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இதைத் தோண்டினேன். புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

ரிமோட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, கதவைத் திறக்கிற குட்டி ரேடியோ. நம்ம ஊர் வண்டிகள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசும் (அமெரிக்காவுல பெரும்பாலும் 315). இதுக்குத்தான் செல் வேணும். இன்னொண்ணு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடற அடையாளச் சில்லு. இதுக்கு செல்லே வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் பக்கத்துல கொண்டு போனா, அங்க இருக்கிற கம்பிச்சுருள் அதுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்து எழுப்பிடும். அதாவது பட்டினி கிடக்கிற சாவிக்குக் காரே ஒரு வாய் சோறு ஊட்டிப் பேச வைக்குது. அதனாலதான் செல் செத்தும் வண்டி ஓடுச்சு. (சில வண்டியில பட்டன்ல தொடணும், சிலதுல தனியா ஒரு பள்ளம் இருக்கும். உங்க வண்டிப் புத்தகத்துல பாருங்க.)

ரிமோட் வேலை செய்யலைன்னா நான் இப்ப பாக்கிற வரிசை இது:

முதல்ல கைபேசியை ரிமோட் பக்கத்துல இருந்து நகர்த்துங்க. ரெண்டையும் ஒரே பாக்கெட்ல வச்சா சில சமயம் சிக்னல் குழம்பும். செல்போன் டவர், டிவி டவர் பக்கத்துல நின்னாலும் இப்படி ஆகலாம். காரை ஒட்டி நின்னு அமுக்கிப் பாருங்க.

முன்னாடி இருபது அடியில திறந்தது இப்ப பக்கத்துல போனாத்தான் திறக்குது, ரெண்டு மூணு தடவை அமுக்க வேண்டியிருக்கு, ரிமோட்ல விளக்கு மங்கலா எரியுதுன்னா, செல் சாகப் போகுதுன்னு அர்த்தம். எனக்கும் ஒரு மாசமா இதெல்லாம் நடந்துச்சு. நான்தான் கண்டுக்கலை.

செல் பேர்லயே அதோட ஜாதகம் இருக்கு. சி.ஆர். 2032ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சி.ஆர். 2025ன்னா 2.5 தடிமன். பழசுல என்ன எழுதியிருக்கோ அதையே வாங்கி, கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே பக்கம் போடணும்.

புது செல் போட்டும் திறக்கலையா? வீட்டுல இருக்கிற இன்னொரு சாவியை எடுத்துப் பாருங்க. அது திறந்தா கோளாறு முதல் ரிமோட்ல. அதுவும் திறக்கலைன்னா இரும்புச் சாவியால திறங்க. உள்விளக்கு எரியலைன்னா செத்தது ரிமோட் இல்லை, கார் பேட்டரி.

அப்புறம் குழந்தைங்க விளையாட்டு. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ரிமோட் புதுசா ஒரு ரகசிய எண்ணை அனுப்புது. காரும் அதே கணக்குல கூடவே எண்ணிட்டு வரும். வண்டி பக்கத்துல இல்லாதப்ப பையன் நூறு தடவை அமுக்கினா கணக்கு தப்பிடும். பல வண்டிகள்ல கீலாக்னு ஒரு முறை இருக்கு. அதுல 16 தடவை வரைக்கும் தப்பினா கார் கண்டுக்காது. அதுக்கு மேல போனா, அடுத்தடுத்து ரெண்டு தடவை அமுக்கினா திரும்ப ஒட்டிக்கும். மத்ததுக்கு அந்தந்த வண்டிப் புத்தகம்.

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா? பத்தாங்கிளாஸ் படிச்ச பையன்கிட்ட அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம். என் கோபம் அங்கதான்.

கார் டெலிவரி எடுத்த அன்னைக்கு என்னவெல்லாம் நடந்துச்சுன்னு நினைச்சுப் பார்க்கிறேன். வண்டிக்கு மாலை, பூசணிக்காய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கேக். ரெண்டடி நீளத்துக்கு ஒரு அட்டைச் சாவியை எங்க கையில கொடுத்து குடும்பத்தோட போட்டோ வேற. அந்த அட்டைச் சாவிக்கு ஆன நேரத்துல பாதி நேரம் போதும், "சார், இந்த ரிமோட்டுக்குள்ள நிஜச் சாவி ஒண்ணு இருக்கு, இப்படி எடுக்கணும்"னு காட்டறதுக்கு. யாரும் காட்டலை. இன்சூரன்ஸ், கோட்டிங், சீட் கவர்னு விக்கறதுக்கு மட்டும் அரை நாள் உக்கார வச்சுப் பேசினாங்க.

"மேனுவல்ல இருக்கே சார்"னு சொல்வாங்க. இருக்கு. இங்கிலீஷ்ல, முன்னூத்திச் சொச்சம் பக்கத்துல. அந்தப் புத்தகம் எங்க இருந்துச்சு தெரியுமா? பூட்டின காருக்குள்ள, டேஷ்போர்டுல!

தப்பு முழுக்க அவங்க மேலயான்னு கேட்டா, இல்லை. புத்தகத்தைத் திறக்காதது என் தப்பு. ஆனா போன்ல அழுதுட்டு நிக்கறவன்கிட்ட "உள்ளே இருக்கிற சாவியை எடுத்தீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்காம பதினாலாயிரம்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அதை என்னால மன்னிக்க முடியலை. தெரியாமச் சொன்னாங்களா, தெரிஞ்சே சொன்னாங்களா? ரெண்டுல எதுவா இருந்தாலும் கேவலம்தான்.

இதைக் கேட்ட எங்க பெரியப்பா, "இதுக்குத்தான் பழைய சாவியே மேல்"னுட்டார். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அடையாளச் சில்லு வந்த பிறகு கம்பியை விட்டு ஒயரை ஒட்டிக் காரைக் கிளப்பறது அவ்வளவு சுலபமில்லை. ரிமோட்டுக்கும் ஓட்டை உண்டுதான். வீட்டுக்குள்ள இருக்கிற சாவியோட சிக்னலை ரெண்டு பெட்டி வச்சு நீட்டி வாசல்ல நிக்கிற காரைத் திறக்கலாம்னு 2011லயே சூரிச் ஆராய்ச்சியாளர்கள் பத்து மாடல் கார்கள்ல செஞ்சு காட்டிட்டாங்க. அதனால ராத்திரி சாவியை வாசல் பக்கம் மாட்டாதீங்க. ஆனாலும் ரிமோட் நல்ல விஷயம். அதை நம்ம கையில கொடுத்துட்டு, அது செத்தா என்ன பண்ணணும்ங்கிறதை மட்டும் மறைச்சு வைக்கிறதுதான் பிரச்சினை.

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. டெலிவரி அன்னைக்கு அவங்க காட்டினா போதாது, வாங்கறவர் தன் கையால இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து பார்க்கணும், அப்புறம்தான் அந்த அட்டைச் சாவி போட்டோ. ரெண்டாவது, அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது தமிழ்ல அச்சடிச்சு, பர்ஸ்ல வைக்கிற அளவுக்குக் கொடுங்க.

அவங்க செய்யற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டாம். இதைப் படிச்சு முடிச்சதும் ரிமோட்டை எடுத்துட்டு கீழே போங்க. இரும்புச் சாவியை உருவி ஒரு தடவை கதவைத் திறந்து பாருங்க. வீட்டுல வண்டி ஓட்டற எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்க. நான் ஆபீஸ்ல கேட்டதுல பாதிப் பேர் திருதிருன்னு முழிச்சாங்க. நீங்க எந்தப் பாதின்னு சொல்லிட்டுப் போங்க.

கிளம்பறப்ப அந்த டிரைவர் அண்ணன்கிட்ட பணம் கொடுக்கப் போனேன். வாங்கலை. "அம்மாவுக்கு மொதல்ல ஊசியப் போடுங்க சார்"னு சொல்லிட்டு மரத்தடிக்குத் திரும்பிப் போயிட்டார்.

பி.கு: கழட்டின பழைய செல்லை மேசை மேல போடாதீங்க. குழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சிடும். செத்த செல்லுன்னாலும் ஆபத்துதான். முழுங்கிடுச்சோன்னு சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.