பழக வருகிற பிள்ளைக்கு முதல் வேலை

சாத்தான்குளம், நாசரேத், திசையன்விளைப் பக்கத்துப் பட்டறைகளில் இன்று கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டும். இழைப்பு மெஷின் வந்துவிட்டது, ரவுட்டர் வந்துவிட்டது. ஆனால் ஏழடி நிலைச்சட்டம் ஒன்றை அறுக்க வேண்டுமென்றால் அதற்கு முட்டுக் கொடுப்பது எது? இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இல்லாவிட்டால் ஒரு பக்கம் பெயின்ட் டப்பா, மறு பக்கம் பாதி காலியான சிமென்ட் மூட்டை.

தரையில் உட்கார்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திக்கொண்டு வாளை இழுத்த தலைமுறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த முறை கைவாளுக்குப் பொருந்தியது. வெட்டுவாய் இறுகினால் கைவாள் நின்றுவிடும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் ஓடும் ரம்பம் அப்படி நிற்காது. சட்டத்தின் இரு முனையையும் தாங்கவிட்டு நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்கிறது. வெட்டுவாயின் மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுகிறது. மறுகணம் மெஷின் துள்ளி ஆள் பக்கம் வருகிறது. மரத்தின் பெரும்பகுதியை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, வெட்டுப்படும் துண்டு ஒரு தாங்கிக்கு வெளியே தொங்கும்படி அறுத்தால் வெட்டுவாய் தானே விரியும், துண்டு விழுந்துவிடும். இதற்கு ஆடாத, நகராத, ஒரே உயரமுள்ள ஒரு ஜோடி மரத் தாங்கி, அதாவது குதிரை, வேண்டும். பட்டறைக்குப் பழக வரும் பிள்ளை செய்யும் முதல் வேலை அந்த ஜோடியாக இருக்கட்டும் என்பதுதான் இந்த இதழில் நாம் சொல்ல வந்தது.

ஆணி அடித்த குதிரை வேண்டாம். துளையும் கழுந்தும் போட்டு, வீட்டுக் கூரைச் சட்டம் கோத்த மாதிரியே கோத்த குதிரை வேண்டும். சாய்ந்த கால் வைத்தால் சாய்வுக் கணக்கில் புதியவர் திணறுவார். அதைப் பின்னால் பார்க்கலாம். முதல் ஜோடிக்கு எல்லாமே மூலைமட்டத்துக்குள் அடங்கட்டும். மேலே 4×4 அங்குலத்தில் மூன்றடி உத்தரம். அதைத் தாங்க 3×3-இல் இரண்டு குத்துக்கால். ஒவ்வொரு குத்துக்காலும் குறுக்காகக் கிடக்கும் இருபது அங்குல அடிக்கட்டையில் இறங்கும். இரண்டு கால்களையும் இடையில் ஒரு குறுக்குச்சட்டம் பிணைக்கும். மொத்த உயரம் இரண்டடி. அடிக்கட்டையின் கீழ்ப்புறத்தை நடுவில் கொஞ்சம் குடைந்துவிட்டால் முனைகள் மட்டும் தரையில் பதியும். மேடுபள்ளமான தரையிலும் ஆட்டம் குறையும்.

ஒரு குதிரைக்கு ஆறு இணைப்பு, ஜோடிக்குப் பன்னிரண்டு. முதல் துளையையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளையின் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றங்குலக் காலுக்குக் கழுந்தின் கனம் ஓரங்குலம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. துளையை முதலில் வெட்டி, அதற்குத் தக்கபடி கழுந்தைச் செதுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் துளை பெரிதாகிக்கொண்டே போகும். குறுக்குச்சட்டத்தின் கழுந்து காலை ஊடுருவி வெளியே வரட்டும். அந்தத் துளையை இரண்டு முகத்திலிருந்தும் பாதிப் பாதியாகக் கொத்தாவிட்டால் மறுபக்கம் சிலாம்பு பெயர்ந்துவிடும். வெளியே வந்த கழுந்தின் தலையில் ஆப்பு.

மற்ற இணைப்புகளுக்கு மரஆணி. நம் பட்டறைகளில் மறந்துபோன ஒரு நுட்பம் இங்கேதான் இருக்கிறது. முதலில் துளை இருக்கும் மரத்தில் மட்டும் ஆணிக்கான ஓட்டையைப் போடுங்கள். கழுந்தைச் செருகி, அந்த ஓட்டை எங்கே விழுகிறதென்று கழுந்தில் குறித்துக்கொள்ளுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, குறித்த இடத்திலிருந்து தோள் பக்கமாக அரை நூல் தள்ளித் துளையிடுங்கள். முனை கூராகச் சீவிய கருவேல ஆணியை அடிக்கும்போது அது அந்த அரை நூல் வித்தியாசத்தை இழுத்துச் சரிசெய்யும்; தோள் காலோடு இறுகும். பசையே வேண்டாம். அரை நூலுக்குப் பதில் ஒன்றரை நூல் தள்ளினால் ஆணி முறியும், இல்லை கழுந்து பிளக்கும். இந்தக் கணக்கை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது.

மரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள். கழற்றிய வேம்பும் பூவரசும் பழைய மரக்கடையில் கிடக்கின்றன. பல ஆண்டு காய்ந்த மரம், இனி அது முறுக்கிக்கொள்ளாது. உள்ளே மறைந்திருக்கும் ஆணியை மட்டும் ஒரு காந்தத்தை ஓட்டித் தேடிவிடுங்கள். தேரிக்காட்டு ஊர்க்காரர்களுக்குப் பனங்கை ஞாபகம் வரும். கூரைக்கு அதற்கு ஈடு இல்லைதான். ஆனால் பனையின் வலு வெளிப்புறக் கறுப்பு வைரத்தில் இருக்கிறது, உள்ளே வெறும் சோறு. துளை வெட்டினால் உதிரும், கழுந்து பிடிக்காது. புதியவர் கையில் அதைக் கொடுத்து உளியைக் கெடுக்க வேண்டாம். நின்ற பனையை வெட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. 2021 வேளாண் பட்ஜெட்டில் அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தாயிற்று.

உத்தரத்தின் முதுகில் பார்சல் பெட்டியிலிருந்து பெயர்த்த பைன் பலகை ஒன்றை மரஆணியால் பதியுங்கள். ரம்பம் கொஞ்சம் ஆழமாகப் போனால் வெட்டுப்படுவது அந்தப் பலகைதான். கடையில் கிடைக்கும் இரும்புக் குழாய் ஸ்டாண்டு போதாதா என்பவர்களுக்கும் இதுதான் பதில்: பிளேடு இரும்பில் பட்டால் பல் போய்விடும்.

தொழிற்கல்வி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சம் வாட்டிய காலத்தில், 1878இல், நாசரேத்தில் மர்காஷிஸ் பாதிரியார் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு அங்கே பாடமாயிற்று. ஆனால் இன்று பொதுவாகத் தொழிற்பயிற்சி வகுப்புகளில் மாணவர் செய்யும் இணைப்பு ஒரு மாதிரித் துண்டாகவே முடிகிறது. மதிப்பெண் வாங்கியதும் மூலைக்குப் போகிறது. பட்டறையிலோ நேர்மாறு: பிள்ளை முதல் வருஷம் முழுக்கத் தூசி பெருக்கி, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. குதிரை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது பயிற்சித் துண்டும்தான், மறுநாள் காலை மேஸ்திரியே பாரம் ஏற்றப்போகிற சாமானும்தான். கழுந்து கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் எந்த வாடிக்கையாளர் வீட்டுக் கதவும் கெடப்போவதில்லை.

கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. மெஷின் வாங்க நல்ல வழி, வாங்குங்கள். அது பட்டறைக்கு வந்து இறங்குவதற்கு முன்னால் குதிரை தயாராக இருக்கட்டும்.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஜோடிக் குதிரை செய்யப் பிள்ளைக்குச் சில நாள் பிடிக்கும். அந்த நாட்களில் வரும்படி வேலை எதுவும் நடக்கவில்லை என்று கூலியில் கை வைக்காதீர்கள். கெட்டுப்போன மரத்தின் விலையையும் பிடிக்காதீர்கள். குதிரை நிற்கப்போவது உங்கள் பட்டறையில், அதற்கான செலவும் உங்களுடையதே.