‘பவர்’ என்றால் என்ன? பதில் சொல்லுங்கள்!



அண்மையில், கட்டுமானத் தளத்தில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னிடம் சற்றுச் சினத்துடனேயே கேட்டார்: “ஐயா, மின்னழுத்தம், மின்திறன் என்று பிள்ளைகளுக்கு ஏன் சுமையேற்றுகிறீர்கள்? தளத்தில் இவற்றை யார் பேசுகிறார்கள்? வோல்டேஜ், பவர் என்றால் போதாதா?”

“பவர் என்றால் என்ன?” என்று கேட்டேன். “கரண்டுதான்” என்றார். “வோல்டேஜ்?” “அதுவும் கரண்டுதானே!”

அவரைக் குறை கூறேன். பொருள் விளங்காத சொல்லைப் பழக்கிவிட்டு, அதையே அறிவு என்று நம்பவைத்தவர்களைத்தான் கேட்கிறேன். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியபோதும் இதே வாதந்தானே முழங்கியது? 2009-இல் அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்தார்கள். வாதம் மட்டும் இன்னும் சாகவில்லை!

ஓட்டம், அழுத்தம், தடை. குழாய் நீரைக் கண்ட குழந்தைக்கு இம்மூன்றும் பாதி விளங்கிவிடும். மின்திறன் வேறு, மின்னாற்றல் வேறு. 2000 வாட் கேத்தல் கால் மணி நேரம் கொதித்தாலும், 100 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் செலவாகும் ஆற்றல் ஒன்றே: அரை கிலோவாட் மணி. நாம் கட்டணம் செலுத்துவது அதற்குத்தான். மலாய்மொழி ‘குவாசா’ என்றும் ‘தெனாகா’ என்றும் தெளிவாகப் பிரித்து வழங்குகிறது. மலாய்க்காரர் எவரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

இது வெறும் சொல்லாய்வு அன்று, உயிர் பற்றியது. 13 ஆம்பியர் உருகி கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது. உடலின் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துகிறோம். ‘கசிவு’ என்ற சொல்லிலேயே ஆபத்து தெரிகிறது. எல்லாம் ‘கரண்டு’ என்பவனுக்கு இவ்வேறுபாடு எப்படி விளங்கும்?

தளத்தில் தமிழே இல்லையாம்! கடைக்கால், தூண், உத்தரம், சாரம், தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகியவை எந்தப் பேராசிரியர் உருவாக்கியவை? கொத்தனார்களும் தச்சர்களும் கைமாற்றித் தந்த செல்வமல்லவா?

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். ‘மின்னழுத்தம்’ என்று பிழையின்றி எழுதினால் முழுப் புள்ளி வழங்கிவிடுகிறோம். மின்கலத்தையும் கம்பியையும் மின்குமிழையும் கையில் கொடுப்பதில்லை. பொருளைக் காட்டாத தமிழ்ச்சொல்லும் மனப்பாடச் சுமையே.

முதலில் பொருளைக் காட்டுவோம். பின்பு தமிழில் விளக்குவோம். அதன்பின் மலாய்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் தயங்காமல் சொல்லிக் கொடுப்போம். பொருள் விளங்கியவனுக்கு மூன்று பெயர்கள் சுமையாகா. விளங்காதவனுக்கு ஒன்றுகூடச் சுமைதான்.

அந்தத் தந்தையின் மகன் நாளை மின்பலகையைத் திறந்து கைவைக்கக்கூடும். அவன் மனத்தில் அப்போது இருக்க வேண்டியது விளக்கமா, வெறும் ஒலியா?

சிந்திப்போம்!