கடன் வாங்கிக் கழிக்க வேண்டாம்

ஐம்பத்திரண்டில் இருபத்தெட்டு போனால் மீதி எவ்வளவு? எங்கள் காலனி மாலை வகுப்புக்கு வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி சிலேட்டில் 36 என்று எழுதினாள். ஐந்தில் இரண்டு போக மூன்று, எட்டில் இரண்டு போக ஆறு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள். இந்தத் தவறை எந்த ஊர்ப் பள்ளியிலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பார்க்கலாம்.

"ரெண்டுல எட்டு போகுமா?" என்று கேட்டேன்.

"போகாதுக்கா. பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்."

"வாங்கின கடனைத் திருப்பித் தரணுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "தரணும்தானேக்கா?"

அவள் கேட்டதில் தவறில்லை. தவறு நாம் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் இருக்கிறது. இந்தக் கணக்கில் கடன் கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. ஐம்பத்திரண்டு என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும். அந்த ஐந்து பத்தில் ஒன்றைப் பிரித்துச் சில்லறை ஆக்குகிறோம், அவ்வளவுதான்.

மறுநாள் விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக நூலில் கட்டச் சொன்னேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இருபத்தெட்டை எடுத்துக் கொடு என்றதும் கை தானாக ஒரு கட்டை அவிழ்த்தது. இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. எட்டு குச்சி போக நான்கு, இரண்டு கட்டு போக இரண்டு. மீதி 24. "யார்கிட்ட கடன் வாங்கின?" என்றேன். "யார்கிட்டயும் இல்லக்கா, என் கட்டைத்தான் பிரிச்சேன்" என்றாள்.

தலித் மக்கள் பிரச்சினைகளைப் பேசும் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். ஒரு வருடம் முன்பணம் இருபதாயிரம் வாங்கிக்கொண்டு போனோம். வாரக் கூலியில் 900 ரூபாய் பிடித்தம். அம்மா வாரத்துக்கு ஒரு கரிக்கோடு குடிசைச் சுவரில் போட்டுவைத்தார். இருபது கோடு விழுந்தது. பதினெட்டாயிரம் கழிந்து, இரண்டாயிரம்தான் பாக்கி இருக்க வேண்டும். மேஸ்திரி நோட்டில் எட்டாயிரம் என்று இருந்தது. "கரிக்கோட்டுக்கு யார் சாட்சி?" என்று சிரித்தார். அந்த நோட்டைப் படிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அடுத்த தையிலும் அதே சூளைக்குப் போனோம்.

கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. கணக்குத் தெரிந்துவிட்டால் மட்டும் அந்தக் கொடுமை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நோட்டைக் காட்டுங்க, கூட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஆள் வீட்டுக்கு ஒருவர் இருந்தால், பொய்க்கணக்கு எழுதும் கை கொஞ்சமாவது தயங்கும்.

"இதுங்களுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு இன்னும் நம் பிள்ளைகள் காதில் விழுகிறது. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கணக்குப் போட அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் இருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். அந்தச் சிறுவன்தான் பொருளாதாரம் படித்து, 1923-ல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதினார். வராதது கணக்கு அல்ல. பலகைக்குப் போகும் வாய்ப்புதான் வராமல் இருந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. வயதைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் முறை நல்ல முறை. ஆனால் பொங்கல் முடிந்ததும் பெற்றோரோடு சூளைக்குப் போகும் பிள்ளைக்கு மூன்றாம் பருவமே கிடைப்பதில்லை. ஜூனில் திரும்பி வரும்போது அடுத்த வகுப்பில் உட்காருகிறது. விட்ட பாடம் விட்டதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, குச்சிக் கட்டிலிருந்து தொடங்குங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். விரல் விட்டு எண்ணினால் அடிக்காதீர்கள். எண் மனதில் பதிந்ததும் விரல் தானாக மடங்கும். விடை தப்பானால் சுழித்துவிட்டுப் போகாமல், எப்படி வந்தது என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் முறை வைத்துப் பலகைக்கு அழையுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. கூட்டத்துக்குப் போங்கள். கட்டடம், கழிப்பறை பற்றிக் கேட்பது போலவே, "என் பிள்ளைக்குக் கழித்தல் வருதா?" என்றும் கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் இன்று மாலை நான்கு பிள்ளைகளை உட்கார வையுங்கள். புளியங்கொட்டை இருக்கிறது, விளக்குமாறு இருக்கிறது. கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறையை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ரேஷன் ரசீதைக் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். நம் வீட்டுக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கும் பழக்கம் ஏழு வயதிலேயே வரட்டும்.