மெலடோனின் மாத்திரை: லேபிளில் போட்ட அளவு உள்ளேயும் இருக்கா? ஒரு சொட்டில் கண்டுபிடிக்கும் முறை

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனால், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதித்து வாங்குபவர்கள் உண்டு. ஆனா மருந்துக்கடை பாட்டிலை அப்படி யாரும் சோதிப்பதில்லை. லேபிளை நம்பித்தான் குடிக்கிறோம்.

அந்த நம்பிக்கை உடைந்ததும் இதே மாவட்டத்தில்தான். சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதை, 2025 அக்டோபரில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அனுமதி 0.1 சதவீதம்தான். மத்தியப் பிரதேசத்தில் இதைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர்.

அது நஞ்சு. மெலடோனின் அப்படியல்ல, இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி தானாகச் சுரக்கும் தூக்க ஹார்மோன். பிரிட்டனில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். அமெரிக்காவில் சத்து மாத்திரை மாதிரி யாரும் வாங்கலாம். அங்கே 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்த முடிவு 2023-ல் 'ஜாமா' இதழில் வந்தது. 22-ல் லேபிள் தப்பு. ஒன்றில் குறிப்பிட்டதைப் போல சுமார் மூன்றரை மடங்கு. இன்னொன்றில் மெலடோனினே இல்லை!

எப்படி அளக்கிறார்கள்?

மாத்திரைக்குள் மாவு, சர்க்கரை, நிறம் என எல்லாம் கலந்திருக்கும். ஹார்மோனை மட்டும் பிரிக்க குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களைத் தாராளமாக ஊற்றுவது பழைய வழக்கம். கழிவை எங்கே கொட்டுவது? பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்று வழிதான் 'நுண் பிரித்தெடுப்பு'. பிரித்தெடுக்கும் கரைப்பான் ஓரிரு சொட்டு போதும். 2006-ல் ஈரான் ஆய்வாளர்கள் கொண்டுவந்த வகையில், அதை ஊசி வழியே வேகமாகச் செலுத்துவார்கள். மாதிரி நீர் மோர் போலக் கலங்கும். கலங்கிய துளிகளுக்குள் ஹார்மோன் புகுந்துகொள்ளும். சுழற்றினால் துளிகள் ஒன்றாகத் திரளும். அதை எடுத்து எச்பிஎல்சி கருவியில் ஏற்றினால் அளவு தெரிந்துவிடும்.

'பச்சைக் கரைப்பான்' என்பது இன்னும் சுவாரஸ்யம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பும் புதினா உப்பும் தனித்தனியாகப் படிகங்கள். சேர்த்து வைத்தால் தானாக உருகி எண்ணெய் மாதிரி ஆகும். வீட்டில் வலித் தைலம் செய்பவர்களுக்குப் பழகிய சங்கதி. தைமால், மென்தால் கொண்ட இதே கலவையை வேதியியலாளர்கள் 'டீப் யூடெக்டிக்' கரைப்பான் என்கிறார்கள்.

முழுசா பச்சை என்று சொல்லிவிட முடியாது. எச்பிஎல்சி கருவி ஓடவும் கரைப்பான் வேண்டும், அதன் விலையும் லட்சங்களில்.

தவிர, கோல்ட்ரிஃப் நஞ்சைக் கண்டுபிடிக்கப் புது முறை எதுவும் தேவைப்படவில்லை. மாதிரி அரசு ஆய்வகத்துக்குப் போனதும் ஓரிரு நாளில் விடை வந்துவிட்டது. ஆலையை விட்டு வண்டி கிளம்பும் முன்பே நடந்திருக்க வேண்டிய சோதனை அது.

மெலடோனின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். அட்டையில் உள்ள பேட்ச் எண்ணை போனில் படம் பிடித்து வையுங்கள். சிக்கிய கோல்ட்ரிஃபை மக்கள் அடையாளம் கண்டது 'எஸ்ஆர்-13' என்ற பேட்ச் எண்ணை வைத்துத்தான்.