பெட்டிக்குள் இருப்பதைக் காட்டி விற்கட்டும்

2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஏலம் ஒன்றில், 131 செ.மீ. உயரமுள்ள லபூபு பொம்மை 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு விலை போனது. நம் கணக்கில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். புதினாப் பச்சை உடம்பு, நீண்ட காதுகள், வாய் கொள்ளாத பற்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. விலை பலருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த உருவத்தை வரைந்தவர் யார் என்று கேட்டால்தான் பெரும்பாலோர் விழிக்கிறார்கள்.

அவர் பெயர் காசிங் லுங். ஹாங்காங்கில் பிறந்து, சிறு வயதிலேயே நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். வட ஐரோப்பிய நாட்டார் கதைகளில் வரும் குட்டிப் பூதங்கள் அங்கே அவர் மனதில் ஒட்டிக்கொண்டன. 2015இல் அவர் உருவாக்கிய ‘தி மான்ஸ்டர்ஸ்’ படக்கதைகளில் வரும் குறும்புக்காரிதான் லபூபு. முதலில் ஹாங்காங்கின் ‘ஹவ்2ஒர்க்’ என்ற சிறு நிறுவனம் அவளைப் பொம்மையாகச் செய்து விற்றது. அப்போது வாங்கியவர்கள் ஓவியருக்காகவே வாங்கினார்கள். 2019இல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனத்துடன் லுங் ஒப்பந்தம் போட்டார். 2024 ஏப்ரலில் கொரிய பாப் குழுவான பிளாக்பிங்கின் பாடகி லிசா லபூபுவோடு படம் வெளியிட்டார். அதற்குப் பிறகு லபூபு மோகம் பரவியது ஊரறிந்த கதை.

கலைஞர்கள் வடிக்கும் ‘டிசைனர்’ பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் ஆண்டுக் கடைசியில் தங்களுக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போடுவது வழக்கம். யார் வடித்தார், மூட்டு எப்படி மடங்குகிறது, வண்ணம் எங்கே நின்று எங்கே கலக்கிறது, எத்தனை உருவங்கள் செய்தார்கள் என்பதெல்லாம் அலசப்பட்ட பிறகே விலைக்கு வருவார்கள். 2025இல் இந்த வரிசை தலைகீழானது. மறுவிற்பனை விலை முதலில் வந்தது, வடித்தவர் கடைசிக்குப் போனார். பொம்மையை மூடிய பெட்டிக்குள் ஒளித்து, எது வரும் என்று தெரியாமல் வாங்கச் செய்யும் ‘பிளைண்ட் பாக்ஸ்’ முறையே இதற்கு முக்கியக் காரணம். ஒரு கலை, குலுக்கல் சீட்டாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இழப்பின் அளவு புரியும். 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற சிப்பாய் உருவத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 12 அங்குல உயரம், அசைக்கக்கூடிய 21 பாகங்கள். ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரே அதை விற்பதற்காகப் புழக்கத்துக்கு வந்ததுதான். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ் அந்த ஜி.ஐ. ஜோ உடம்பைக் கையில் எடுத்தார். சிப்பாயின் சீருடையைக் கழற்றிவிட்டுத் தொளதொளப்பான கால்சட்டையும் ஸ்னீக்கரும் மாட்டினார். தலையைப் புதிதாக வடித்தார். பச்சை குத்திய கைகள், காதில் வளையம், அக்குளில் ஸ்கேட்போர்டு என்று ஹாங்காங் தெருவில் சுற்றும் இளைஞர்கள் பொம்மைகளானார்கள். ‘ஈஸ்ட் டச்’ இதழில் அவர் வரைந்த ‘கார்டனர்’ படக்கதையின் பாத்திரங்கள் அவர்கள். 1999இல் ஹாங்காங் கலை மையத்தில் 99 உருவங்களைக் காட்சிக்கு வைத்தார். இன்று டிசைனர் பொம்மை என்று சொல்லப்படும் துறையின் தொடக்கமாகச் சேகரிப்பாளர்கள் பலரும் காட்டுவது அந்தக் கண்காட்சியைத்தான்.

அதே 1999இல் நியூயார்க் சுவரோவியர் பிரையன் டொனலி, ‘காஸ்’ என்ற பெயரில், ஜப்பானின் ‘பவுண்டி ஹண்டர்’ கடையோடு சேர்ந்து ‘கம்பேனியன்’ உருவத்தை வெளியிட்டார். கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி, மொத்தமே 500 உருவங்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2019இல், அவருடைய ஓவியம் ஒன்று ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் 1.48 கோடி டாலருக்குப் போனது. பொம்மைக்கும் கலைக்கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தவர்கள் இப்படிப்பட்டவர்கள். அவர்கள் பொம்மைகளை வாங்கியவருக்கு, காசு கொடுக்கும்போதே கையில் எது வரப்போகிறது என்று தெரிந்திருந்தது.

உருவம் தயாராகும் விதமும் அறியத்தக்கது. ஜப்பானில் ‘சோஃபுபி’ என்று அழைக்கப்படும் மென் வினைல் பொம்மைகள் இன்றும் சிறு பட்டறைகளில் கையால் செய்யப்படுகின்றன. 1966இல் மருசான் நிறுவனம் காட்ஸில்லாவை இந்த முறையில் வார்த்தது. முதலில் மெழுகில் மூல உருவம் செய்கிறார்கள். அதன்மேல் மின்முலாம் முறையில் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடான எண்ணெயில் இறக்குகிறார்கள். இட்லித் தட்டில் ஓரத்து மாவு முதலில் வேகுமே, அதுபோல உலோகத்தைத் தொட்ட வினைல் மட்டும் இறுகித் தோலாகப் படிகிறது. நடுவில் திரவமாக நிற்பதைத் திருப்பிக் கொட்டிவிட்டு, மறுபடி சூடேற்றிக் குளிரவைக்கிறார்கள். வினைல் முழுதும் ஆறி விறைப்பதற்குள் தொழிலாளி ஒருவர் குறடால் பிடித்து, அச்சின் சிறிய வாய் வழியாக உருவத்தை இழுத்தெடுக்கிறார். தலையாக இருந்தால் அது நசுங்கி, நெளிந்து, வெளியே வந்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும். இழுப்பதில் அவசரப்பட்டால் கிழிந்துவிடும், தாமதித்தால் வராது. அதன் பிறகுதான் வண்ணம், அதுவும் பெரும்பாலும் கைத் தெளிப்பான் வேலை. தெளிப்பானில் இருந்து வரும் நிறம் விளிம்பில் புகைபோல மங்கும் இடத்தைத்தான் சேகரிப்பாளர் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்.

அட்டைப் பெட்டிக்குள், அதற்குள்ளும் ஒரு ஃபாயில் பைக்குள் ஒளிந்திருக்கும் பொருளை இப்படிப் பார்த்து வாங்க முடியாது.

குலுக்கல் முறையைப் பாப் மார்ட் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் ‘கச்சபோன்’ இயந்திரங்கள் ஜப்பானில் பல பத்தாண்டுகளாக உள்ளன. மெடிகாம் டாய் 2001இல் தொடங்கிய ‘பேர்பிரிக்’ கரடிகளில் பலவும் மூடிய பெட்டியில் விற்கின்றன. 2010இல் பலசரக்குக் கடையாகத் தொடங்கிய பாப் மார்ட், 2016இல் ஹாங்காங் கலைஞர் கென்னி வோங்கின் ‘மோலி’யை மூடிய பெட்டியில் விற்று, அந்தப் பழைய பழக்கத்தைப் பெருந்தொழிலாக்கியது. 2024இல் நிறுவனத்தின் வருவாய் 1,304 கோடி யுவான். 2025இன் முதல் ஆறு மாதங்களிலேயே அது 1,388 கோடியைத் தொட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 481 கோடி யுவான், ‘தி மான்ஸ்டர்ஸ்’ குடும்பம் சம்பாதித்துக் கொடுத்தது.

2025 ஏப்ரலில் வந்த ‘பிக் இன்டு எனர்ஜி’ வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான உருவங்கள் ஆறு, ரகசிய உருவம் ஒன்று. ரகசியம் கிடைக்கும் வாய்ப்பு 72இல் ஒன்று. வெளிவந்தபோது அமெரிக்காவில் ஒரு பெட்டியின் விலை சுமார் 28 டாலர். தனித்தனியாக 50 பெட்டிகள் வாங்கினாலும் அந்த ரகசிய உருவம் கைக்கு வருமா வராதா என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். அதற்குள் 1,400 டாலர் செலவாகியிருக்கும், வேண்டாத உருவங்கள் வீட்டில் குவிந்திருக்கும். லாட்டரிச் சீட்டை 2003இல் ஒழித்த தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ‘விழுந்தால் எனக்கு’ என்ற நப்பாசை எத்தனை வீட்டுக் கூலியைத் தின்றது என்று மூத்தவர்களுக்குத் தெரியும்.

விளைவுகளும் கண்ணெதிரே நடந்தன. 2025 மே மாதம் பிரிட்டனில் கடை வாசல்களில் கைகலப்பு வரை போனதால், பாப் மார்ட் அங்குள்ள கடைகளில் லபூபு விற்பனையை நிறுத்திவைத்தது. ஜூனில் சீனாவில் சரக்கு பெருமளவில் வந்ததும் மறுவிற்பனை விலை மளமளவெனச் சரிந்தது. உருவம் அதேதான், லுங் வரைந்த கோடும் அதேதான். நேற்று பொக்கிஷம் என்று வாங்கியவருக்கு இன்று அது நட்டக் கணக்கு. பிடித்து வாங்கியவருக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை, பதுக்கியவருக்குத்தான் தூக்கம் போனது.

மூடிய பெட்டிக்கு ஆதரவான வாதமும் லேசானதல்ல. மைக்கேல் லாவின் அசல் உருவங்கள் சாமானியருக்கு எட்டாதவை. சில நூறு ரெசின் வார்ப்புகளோடு நின்றிருந்தால் லுங்கின் பெயரும் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே முடங்கியிருக்கும். குலுக்கல் இருப்பதால்தான் பெரிய எண்ணிக்கையில் செய்ய முடிகிறது, அதனால்தான் கல்லூரி மாணவரும் ஒரு கலைஞரின் உருவத்தை மேசையில் வைத்துக்கொள்ள முடிகிறது, கலைஞருக்கும் நிலையான வருமானம் வருகிறது என்கிறார்கள். விலையைக் குறைத்தது பெருமளவு உற்பத்தி என்பது உண்மை. ஆனால் அந்த உற்பத்திக்கு ஒளித்து விற்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதை ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இயங்கும் ‘ஃபோர் ஹார்ஸ்மென்’ சிற்பிகள் அதற்கு நல்ல பதில். டாட் மெக்ஃபார்லேனின் பொம்மை நிறுவனத்தில் வேலை செய்துவிட்டுத் தனியே பிரிந்து வந்தவர்கள். பெரிய நிறுவனங்களுக்கு உருவம் வடித்துக் கொடுத்துக்கொண்டே, 2015இல் ‘மிதிக் லீஜன்ஸ்’ என்ற சொந்த வரிசைக்குப் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். 4 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மாவீரர்கள், எலும்புக்கூட்டுப் படை, குள்ளர்கள் என்று விரியும் கற்பனை உலகம் அது. தலை, தோள்கவசம், கை, கால் என்று ஒவ்வொன்றையும் கழற்றி இன்னொரு உருவத்துக்கு மாட்டலாம். ஒரே அச்சிலிருந்து பல உருவங்கள் பிறப்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கிறது. என்ன வரப்போகிறது என்று படம் காட்டி, குறிப்பிட்ட நாள்வரை முன்பதிவு வாங்கி, தேவைக்கு ஏற்பத் தயாரிக்கிறார்கள். வாங்குபவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது குறைதான். ஆனால் கேட்டது கேட்டபடி வருகிறது. ஆண்டின் சிறந்த உருவங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் முதலிடத்தைத் தேட வேண்டியது இப்படிப்பட்ட மேசைகளில்தான்.

இந்தியாவுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. அமெரிக்க அச்சுகளைக் கொண்டு கோவா ஆலையில் மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ வீரர்களை அது வார்த்தது. 1994இல் அமெரிக்காவில் அந்த வரிசை நின்ற பிறகும் இங்கே தொடர்ந்தது. பல வீரர்களுக்கு இங்கே கிடைத்த நிறங்கள் அமெரிக்க மூலத்தில் இல்லாதவை. அந்த விசித்திர நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அட்டையில் ஒட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் வீரன் முழுதாகத் தெரிவான். கடைக்கார அண்ணாச்சியிடம் ‘இது இல்லை, பக்கத்தில் இருப்பதைக் கொடுங்கள்’ என்று ஒரு சிறுவன் சொல்ல முடிந்தது. எந்த ரகசியமும் ஒளித்துவைக்காமலே அவை அரும்பொருளாகின.

இப்போது இங்கே கிடைக்கும் லபூபுகளில் போலிகளுக்குப் பஞ்சமில்லை. அசலுக்கு ஒன்பது பற்கள் என்பதால் வாங்குபவர்கள் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்ததால் அசல் எட்டாக்கனி ஆனது, நகல் மலிந்தது. 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சேகரிப்புப் பொம்மைகளோ ‘15 வயதுக்கு மேற்பட்டோருக்கு’ என்று அச்சிட்டே வருகின்றன. வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை.

மூடிய பெட்டி விற்பனைக்குச் சீனா 2023இல் வழிகாட்டுதல் வகுத்தது. எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூடிய பெட்டி விற்கக் கூடாது, எந்த உருவம் எந்த விகிதத்தில் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறியும் உரிமையை வாங்குபவருக்குத் தந்திருக்கிறது. இணைய வணிகத்தின் ஏமாற்று உத்திகளைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. மூடிய பெட்டிக்கும் அதே ஆணையம் ஒன்றை வெளியிடலாம். பெட்டியின் முன்பக்கத்தில் வடித்த கலைஞரின் பெயர், அதன் கீழே ஒவ்வோர் உருவமும் கிடைக்கும் வாய்ப்பு, கூடவே வேண்டிய உருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கும் வசதி. மூன்றையும் தர முடியாத விற்பனையாளருக்குச் சிறுவர் கடைகளில் இடம் தரத் தேவையில்லை.