டெங்கு கொசு சாக்கடையில இல்ல, மொட்டை மாடியில இருக்கு

1/ மழை ஆரம்பிச்சாச்சு. இனி டிசம்பர் வரைக்கும் எங்க ஓபி-யில காய்ச்சல் வரிசைதான். நிறைய பேர் சொல்றது ஒண்ணுதான்: "வீட்டுக்கு எதிர்லயே சாக்கடை டாக்டர், அதான் கொசு." சாக்கடையைச் சுத்தம் பண்ணணும், மறுக்கல. ஆனா டெங்குவுக்கு முதல் குற்றவாளி அது இல்ல.

2/ டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு தேடுறது வீட்டைச் சுத்தித் தேங்குற நல்ல தண்ணி. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்குல தாங்கும். அடுத்த மழையில பொரியும். மாடியில மழைத்தண்ணி இறங்குற பைப் அடைச்சிருந்தா, அந்த மூலைதான் அதோட பிரசவ வார்டு.

3/ சிதம்பரத்துல வாடகை வீட்டுல இருக்குற ஒரு அம்மா, பிள்ளையோட வந்தாங்க. காய்ச்சல், அஞ்சாவது நாள். "மாடியைப் பாத்தீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "சாவி ஓனர்கிட்ட இருக்கு சார். துணி காயப்போடவே விடமாட்டாங்க."

4/ ஓனர்களே, வாடகையை மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கேக்குறீங்க. மாடி பைப்பை வருஷத்துக்கு ஒருதடவை பாக்க மாட்டீங்களா? பூட்டுறது உங்க உரிமைன்னா, சுத்தம் பண்றதும் உங்க பொறுப்புதான். முடியாதுன்னா சாவியைக் குடுங்க.

5/ "புகை அடிக்கச் சொல்லுங்க"ம்பாங்க. புகை பறக்குற கொசுவைத்தான் கொல்லும். மாடித் தண்ணியில நெளியுற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது.

6/ கொசு மட்டும் இல்ல. ஆயிரம் சதுர அடி மாடியில 10 செ.மீ. தண்ணி நின்னா சுமார் 9,300 லிட்டர். அதாவது 9 டன்னுக்கு மேல! 2015 நவம்பர் மழையையும் 2024 ஃபெஞ்சலையும் பாத்த கடலூர்க்காரங்களுக்கு 10 செ.மீ. பெரிய மழையே இல்ல.

7/ என்ன பண்ணணும்? மழை விட்ட நேரத்துல, பகல்ல ஏறுங்க. பைப் வாயில இருக்குற இலை, மண், பால் கவரைக் கையுறை போட்டு வெளிய எடுங்க. உள்ள தள்ளாதீங்க, கீழ எல்போவுல போய் இறுகிடும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க. இறங்கலன்னா கீழிருந்து தண்ணி ஹோஸை மேல்நோக்கி விடுங்க.

8/ ஆசிட் ஊத்தாதீங்க. இலையும் பிளாஸ்டிக்கும் அதுல கரையாது. உங்க கண்ணும் நுரையீரலும்தான் பாழாகும். கரண்ட் லைன் பக்கத்துல இரும்புக் கம்பி வேண்டாம். கைப்பிடிச் சுவர் மேல ஏறி நிக்காதீங்க. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இருக்கணும். விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு வர்றவங்களையும் நாங்கதான் பாக்குறோம்.

9/ பைப் விரிஞ்சிருந்தா துணி சுத்தி வைக்காதீங்க. அந்தத் துண்டை வெட்டி மாத்தி, நல்லா காயவெச்சு, பிவிசி பசை போட்டு ஒட்டி, சுவர்ல கிளாம்ப் அடிங்க. வாயில குமிழ் ஜல்லடை ஒண்ணு வைங்க. 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. பைப் அடைச்சிருந்தா தொட்டி கட்டி என்ன புண்ணியம்?

10/ ஊருக்கு உபதேசம்னு நினைக்காதீங்க. போன வருஷம் கடலூர்ல என் வீட்டுப் பைப்லயே ஒரு டென்னிஸ் பால், கை நிறைய வேப்பிலை, அது மேல துள்ளுற புழு. டாக்டர் வீடுன்னு கொசு பாக்கல. இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏத்திட்டு ராத்திரி முழுக்க பெட் பக்கத்துல உக்காந்திருக்குறதைவிட அது சுலபம்.